முதல் ஆர்.சி. (ரிமோட் கண்ட்ரோல்) ப்ளேன்: நம்ம கடற்கரைக் காற்றுக்கு எது சரி?

பார்க்க அழகாக இருக்கிறதே என்று போர் விமானம் மாதிரி ஒன்றை முதலில் வாங்கிவிடாதீர்கள். என் மாமா பையன் அப்படித்தான் வாங்கினான், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கையால் வீசிவிட்ட அரை நிமிடத்தில் அது ஈர மணலில் மூக்கு குத்தி நின்றது, பல மாதம் சேர்த்த காசு. அவன்மேல் தப்பில்லை. அந்த வகை ப்ளேன் வேகம் குறைந்தால் சட்டென்று சரிந்துவிடும், புதிதாகப் பழகுகிறவர் எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிப்பதற்குள் தரை வந்துவிடும்.

முதல் ப்ளேனுக்கு ரெக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும், இரண்டு முனையும் லேசாக மேல்நோக்கித் தூக்கியிருந்தால் இன்னும் நல்லது. இப்படி இருந்தால் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் தானாகவே சமநிலைக்கு வரப் பார்க்கும். மோட்டார், எலிவேட்டர் (மூக்கை மேலே கீழே திருப்புவது), ரட்டர் (இடம் வலம் திருப்புவது) என்று மூன்று சேனல், அதாவது ரிமோட்டால் தனித்தனியாக இயக்கும் மூன்று கட்டுப்பாடு, போதும், எய்லரான் (ரெக்கையைச் சாய்ப்பது) அடுத்த ப்ளேனில் பார்த்துக்கொள்ளலாம். இ.பி.பி. ஃபோமில் செய்தது கிடைத்தால் அதையே எடுங்கள், இடித்தால் வளையும், சாதாரண தெர்மாகோல் மாதிரி பொடிப்பொடியாக உடையாது. (தெர்மாகோலில் சூப்பர் குளூ வைத்து ஒட்டவே கூடாது, அரித்துவிடும்.)

அளவில்தான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுகிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அரை மீட்டர் ப்ளேன் மூடிய மண்டபத்துக்கு அருமையானது, ஆனால் இங்கே மதியத்தை நெருங்கும்போது கடல்காற்று கிளம்பிவிட்டால் அதைக் காகிதம் மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடும். ரெக்கை முனைக்கு முனை 1 முதல் 1.4 மீட்டர் இருக்கட்டும், தூரத்தில் போனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பெரிய ப்ளேனாக இருந்தாலும் பழகுவதற்குக் காலை ஆறு, ஏழு மணிதான் சரியான நேரம். அதுவும் கடற்கரையில் வேண்டாம், காலையில் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசும், கட்டுப்பாடு போனால் ப்ளேனும் கடலுக்குத்தான் போகும், அது போதாதென்று உப்பு மணல் சர்வோவிலும் (எலிவேட்டர், ரட்டரை அசைக்கும் சின்னக் கருவி) மோட்டாரிலும் புகுந்துவிடும். அறுவடை முடிந்து காய்ந்த வயல் கிடைத்தால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போங்கள், பக்கத்தில் சவுக்குத் தோப்பும் மின்கம்பியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் லாஸ்பேட்டை விமான நிலையம் இருப்பதால் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று முதலில் பாருங்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த ப்ளேனுக்கும் உதவுகிற மாதிரி கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். சொல்லித்தர ஆள் இருந்தால் அவர் பயன்படுத்தும் அதே மோடில் (எந்த ஸ்டிக் எதை இயக்கும் என்ற அமைப்பு) வாங்குங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை உப்பிப்போன பிறகு சார்ஜ் போடவே கூடாது, தூங்கும்போதும் போடக் கூடாது. சும்மா வைக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழுச் சார்ஜான 4.2-ல் நாள்கணக்காகக் கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.

அப்புறம், ப்ளேன் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். எந்த ரெக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். வாங்கும் முன்பே கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள், கை தானாகப் போகிற வரைக்கும்.