ஒரு மரத்தின் ஓராண்டைக் குறித்து வைப்பது எப்படி

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் வாசல் பெருக்குகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். புங்கமும் வேம்பும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் இலைகளைக் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், தெருக்கோடியில் இப்படி மொட்டையாக நின்ற புங்கமரம் ஒன்றைப் பட்டுப்போய்விட்டது என்று முடிவுசெய்து வெட்டினார்கள். ஓரமாகக் குவித்திருந்த கிளைகளை அருகில் சென்று பார்த்தபோது, கணுவுக்குக் கணு அரிசி அளவில் பச்சை மொக்கு புடைத்திருந்தது. பத்து நாள் பொறுத்திருந்தால் மரம் முழுவதும் தளிர்த்திருக்கும். அந்த மரத்தின் ஓராண்டை யாரேனும் ஒருவர் எழுதி வைத்திருந்தால் அதற்கு அந்தக் கதி நேர்ந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். அவ்வாறு எழுதி வைக்கும் முறையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில், பள்ளிப் பாடத்தில் படித்த வசந்தத்தையும் இலையுதிர் காலத்தையும் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். குளிர்நாட்டு மரங்கள் உறைபனிக்கு முன் இலையை உதிர்த்து, மாதக்கணக்கில் வெறுமையாக நின்று, பிறகு தளிர்க்கின்றன. நம் ஊரில் மரத்தை இலையுதிர்க்கச் செய்வது குளிரன்று, வறட்சி. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது; தைக்குப் பிறகு மேல்மண் காயத் தொடங்க, இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க மரம் பழைய இலைகளைக் கைவிடுகிறது. அடிமரத்தில் சேமித்த நீரையும் ஆழத்து வேர் எடுத்துத் தரும் நீரையும் கொண்டு, கோடை மழை வருவதற்கு முன்பே பல மரங்கள் தளிர்த்தும் விடுகின்றன. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான்; ஆயினும் அந்தச் சிறு மாற்றத்தையும் உணர்ந்து நடக்கும் மரங்கள் உண்டு.

ஆகவே குறிப்பேட்டில் ஆங்கிலத் தேதியுடன் தமிழ் மாதத்தையும் எழுதுவது நல்லது. தமிழ் மாதங்கள் சூரியனின் நடையைப் பின்பற்றுவதால் ஆண்டுக்கு ஆண்டு பருவத்தை விட்டு விலகுவதில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று முன்னோர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளும் மரங்களுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. இலையுதிர்வும் தளிர்ப்பும் பின்பனியாகிய மாசி, பங்குனிக்குள் அடுத்தடுத்து நடந்து முடிவதைப் பார்த்த பிறகு, நான்கு பருவக் கணக்கு நமக்கு ஏன் ஒட்டுவதில்லை என்பது விளங்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அபூர்வமானதைத் தேடிப் போக வேண்டாம். அன்றாடம் கடந்து செல்லும் வழியில், உச்சிக்கிளை கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் வேம்போ புங்கமோ சரக்கொன்றையோ போதும். முடிந்தால் ஒரே இனத்தில் மூன்று மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வாய்க்கால் ஓரத்து மரமும் தார்ச்சாலை நடுவே நிற்கும் மரமும் ஒரே நாளில் இலையுதிர்ப்பதில்லை. ஒன்றை மட்டும் பார்த்தால் அதன் தனிக்குணத்தை இனத்தின் குணமென்று எண்ணிவிடுவோம். பலா, புன்னை போன்ற என்றும் பசுமையான மரங்கள் பழைய இலையைச் சிறிது சிறிதாகக் கழிப்பவை என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்றம் எளிதில் புலப்படாது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தளிர், முற்றிய இலை, பழுத்து உதிரும் இலை, மொட்டு, மலர்ந்த பூ, பிஞ்சு, பழம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை", "கொஞ்சம்", "நிறைய" என்று எழுதினால் போதுமானது. இந்தியா முழுவதும் பொதுமக்களைக் கொண்டு மரங்களின் பருவத்தைப் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் என்னும் திட்டமும் இத்தகைய எளிய அளவையைத்தான் பயன்படுத்துகிறது. எண்ணிக்கையில் துல்லியம் தேடி ஒரு மாதத்தில் அலுத்துப்போவதைவிட, தோராயமாக எழுதி ஐம்பத்திரண்டு வாரமும் விடாமல் தொடர்வது பெரிது. எதுவும் மாறாத வாரத்திலும் "மாற்றமில்லை" என்று எழுதுங்கள். வெற்றுப் பக்கத்தைப் பின்னாளில் புரட்டும்போது, பார்த்து ஒன்றுமில்லாமல் போனதா, பார்க்கவே போகவில்லையா என்று நமக்கே தெரியாது.

பங்குனியில் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறையாவது மரத்தடியில் நில்லுங்கள். வேம்பின் தளிர் முதலில் செம்பு நிறத்தில், தொட்டால் துவளும் மென்மையுடன் வரும். அரசந்தளிரும் மாந்தளிரும் அப்படியே. இளம் இலையில் பச்சையம் நிறையும்வரை கடும் வெயிலிலிருந்து அதைக் காக்க அந்தச் செந்நிறமி உதவுகிறது. சில நாட்களில் நிறம் வெளிறி, இளம்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகத் தடிக்கும். இந்த நிறமாற்றத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதை எழுதி வையுங்கள். வேம்பின் வெண்ணிறப் பூ தளிரோடு தொடர்ந்து வந்து, சித்திரை முதல் நாளின் பச்சடிக்குச் சரியாகக் கிடைக்கும். புங்கமோ கண் கூசும் இளம்பச்சையில் தழைத்து, சித்திரை, வைகாசியில் தரையெங்கும் வெண்மையும் இளஊதாவும் கலந்த பூவைப் பொரி போலச் சிதறி வைக்கும்.

எல்லா மரமும் இப்படி நடப்பதில்லை. முள்ளிலவும் கலியாண முருங்கையும் இலையே இல்லாத கிளைகளில் சிவந்து பூப்பவை. மறைக்க இலை இல்லாததால் பூவைத் தேடிவரும் பறவைகளுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். சரக்கொன்றை இளவேனிலில் மஞ்சள் சரம் விடும்போது, சென்ற ஆண்டுப் பூவில் உண்டான நீண்ட காய்கள் கறுத்து அதே கிளையில் தொங்குவதைக் காணலாம். தேக்கு நேர்மாறாக, இலை நிறைந்திருக்கும் மழைமாதங்களில் பூக்கும். காலந்தவறிய மழைக்குப் பிறகு சில மரங்களில் ஓரிரு கிளைகள் மட்டும் பூப்பதுண்டு. அதைக் கண்டால் மழை பெய்த நாளையும் உடன் எழுதுங்கள்.

இலையற்ற மரம் உயிருடன் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தால், சுண்டுவிரல் பருமனுள்ள குச்சி ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் மரம் ஓய்வில் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் இன்னும் இரண்டு கிளைகளில் பார்த்துவிட்டு, சித்திரை முடியும்வரை காத்திருந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஓராண்டு நிறைந்தபின் இந்தக் குறிப்பேடு தோட்ட வேலைக்கே கணக்காகிவிடும். வேப்பம்பழம் எந்த வாரத்தில் உதிரத் தொடங்கிற்று என்பது தெரிந்தால் விதையைக் காலத்தில் பொறுக்கலாம். வேப்பவிதை முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடுவதால், பொறுக்கிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிடுவது நல்லது. மொட்டு எப்போது வைக்கிறது என்று அறிந்தவர் அந்த நேரத்தில் கிளை கழிக்கமாட்டார். கிழக்குக் கரை ஊர்களில் கன்று நடுவதற்குப் புரட்டாசிக் கடைசியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பருவமழை முழுவதும் வேர் பிடிக்க உதவும். மாசியில் குவியும் சருகை மட்டும் தயவுசெய்து எரிக்க வேண்டாம். அதே மரத்தடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டு, மேலே ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அது எந்த மாதத்தில் மக்கி மண்ணோடு கலக்கிறது என்பதையும் ஓரத்தில் ஒரு வரி எழுதலாம்.