கொலுசுக் கடைக்கு வரும் நாலு பேர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. என் அண்ணன் மகன் போன தையில் தனியாகக் கடை போட்டான். நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் அடிக்கிறான். எடை, கடன், கணக்கு சமாச்சாரமெல்லாம் அவனுக்கே தெரியும், அதை விடுவோம். மற்ற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொண்ணிடம் மட்டும் பேசுவது

இதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. கடை போட்ட இரண்டாம் வருஷம், ஆவணி முகூர்த்தத்துக்காக வாழப்பாடிப் பக்கமிருந்து ஏழு பேர் வந்தார்கள். போடப்போவது பொண்ணுதானே என்று அவள் முன்னால் மட்டும் தட்டை வைத்தேன். மணி இல்லாத மெல்லிசு செயின் கொலுசு அவளுக்குப் பிடித்துப்போனது, ஜோடி 45 கிராம். ஓரமாக ஸ்டூலில் இருந்த வயசான அம்மா அதை வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலியே சாமி" என்றார்.

"இப்ப இதாங்க பேஷன், உங்க காலம் மாதிரி இல்ல" என்று சிரித்தேன். பொண்ணும் சிரித்தாள். அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. "டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று படியிறங்கியவர்கள் திரும்பவே இல்லை.

அந்த அம்மா பொண்ணுக்கு அத்தை. அப்பாவோ அக்கா சொல்லைத் தாண்டாதவர். மெட்டி, குங்குமச்சிமிழ், சந்தனக் கிண்ணம், குத்துவிளக்கு எல்லாம் எதிர்க்கடையில் எடுத்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கூட மூன்று வருஷம் என் படி ஏறவில்லை.

யோசனை கிளப்புபவர், தூண்டுபவர், முடிவெடுப்பவர், பணம் கட்டுபவர், போட்டுக்கொள்பவர் என்று மார்க்கெட்டிங் பாடத்தில் பிரிப்பார்கள். கல்யாணக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருப்பார். ஒருவர் தன் நிலையை எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கிறாரோ, அதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் ஹைமன் 1942-ல் 'ரெஃபரன்ஸ் குரூப்' என்று பெயர் வைத்தார். நம்மூரில் 'நாலு பேர்' என்போம். கடைக்கு வராத நாலு பேரும் அதில் உண்டு. மண்டபத்தில் பொண்ணு நடந்தால் சத்தம் கேட்கணும், சீர்த்தட்டில் கனமாகத் தெரியணும். அத்தை அவர்களுக்காகத்தான் ஆட்டிப் பார்த்தார். எனக்குப் புத்தி இருந்திருந்தால் இரண்டு ஜோடி விற்றிருப்பேன்: மணி வைத்தது கல்யாணத்துக்கு, மெல்லிசு வேலைக்குப் போக.

போன வாரம் அண்ணன் மகனும் ஒரு மாமியாரிடம் அதே 'பேஷன்' வசனத்தை எடுத்துவிட்டான். பக்கத்தில் இருந்த நான் அவன் காலை மிதித்தேன்.

ஆளைப் பார்த்துச் சாதியைக் கணிப்பது

இன்னாருக்கு இன்ன டிசைன் என்று நீங்களாக எடுத்துப் போட்டால் பாதி நேரம் தப்பும், மீதி நேரம் மனசு நோகும். "உங்க பக்கம் என்ன வழக்கம்ங்க?" என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தங்கக் கொலுசு

காலில் லட்சுமியா? பேச்சையே எடுக்காதீர்கள்.

ஆடியில் சரக்கைக் குறைப்பது

முகூர்த்தம்தான் இல்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்மலர் கேட்டு வருவார்கள்.

செல்போனைப் பார்த்துக் கடுப்பாவது

வீடியோ காலில் ஹாஸ்டல் தோழிகளிடம் காட்டாமல் இப்போது எந்தப் பொண்ணும் கொலுசு எடுப்பதில்லை. அரை மணி நேரம் போகும். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் நானே ஜோடியை டியூப்லைட் பக்கம் நகர்த்தி வைக்கிறேன், போனருகே ஒருமுறை ஆட்டியும் காட்டுகிறேன்.