பைத்தான் நிரலை ஜாவாவுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தானில் எழுதிய நிரலை ஜாவாவுக்கு மாற்றுபவர்கள் பலர், கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) காட்டும் பிழைகளைத் திருத்தி முடித்ததுமே வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். உண்மையில் அந்தப் பிழைகளால் பெரிய தொல்லை இல்லை. எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் ஓடி, வேறொரு விடையைத் தந்துவிட்டுப் போகும் வரிகளுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

முதலில் வகுத்தலைப் பார்க்கலாம். பைத்தானில் -7 // 2 என்பதன் விடை -4. ஜாவாவில் முழு எண்களுக்கான -7 / 2 என்பதன் விடை -3. பைத்தான் கீழ்நோக்கி முழுமையாக்குகிறது, ஜாவா பூச்சியத்தை நோக்கி வெட்டிவிடுகிறது. இதனால் மீதியும் மாறும்: -7 % 3 என்பது பைத்தானில் 2, ஜாவாவில் -1. நாள்களின் எண்ணிக்கையை 7 ஆல் வகுத்துக் கிழமை கண்டுபிடிக்கும் நிரலில், தொடக்க நாளுக்கு முந்தைய தேதி ஒன்று வந்தால் ஜாவா குறை எண்ணைத் தரும். அதை அணியின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தியிருந்தால் நிரல் நின்றாவது போகும். வேறொரு கணக்கில் கூட்டியிருந்தால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஜாவாவின் மேத் வகுப்பில் உள்ள ஃப்ளோர்டிவ், ஃப்ளோர்மாட் ஆகிய செயற்கூறுகள் இதற்கென்றே இருக்கின்றன.

பைத்தானின் முழு எண்ணுக்கு நினைவகம் உள்ளவரை எல்லை இல்லை. ஜாவாவின் வழக்கமான முழு எண் வகையான இன்ட் 2147483647 வரைதான் செல்லும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் சத்தமில்லாமல் -2147483648 ஆகிவிடும். தொகைகளைப் பைசாவில் சேமிக்கும் கணக்கில் இது ஏறத்தாழ 2.15 கோடி ரூபாய்தான் என்பதால், இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது நல்லது. முழுமையாக்கலிலும் வேறுபாடு உண்டு: 2.5 ஐப் பைத்தான் 3 இன் ரவுண்ட் 2 ஆக்கும், ஜாவாவின் மேத்.ரவுண்ட் 3 ஆக்கும்.

சரங்களை (எழுத்துத் தொடர்களை) == கொண்டு ஒப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; ஜாவாவில் அது உள்ளடக்கத்தை ஒப்பிடாது, ஈக்வல்ஸ் என்ற செயற்கூறுதான் ஒப்பிடும். நீளத்தில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் இரு மொழிகளிலும் 5 என்றே வருவதால், தமிழ்ச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் நிம்மதி அடைந்துவிடுவார். ஆனால் 😀 என்ற ஒற்றை இமோஜிக்குப் பைத்தான் 1 என்றும் ஜாவா 2 என்றும் சொல்லும். அகராதியின் (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பைச் சேமிக்கும் பைத்தான் அமைப்பின்) வரிசையும் அப்படியே: பைத்தான் 3.7 முதல் உறுதியளிக்கப்பட்ட சேர்ப்பு வரிசை, ஜாவாவில் அதற்கு இணையான ஹேஷ்மேப்பில் கிடைக்காது, லிங்க்ட்ஹேஷ்மேப்பில் கிடைக்கும்.

இவை அனைத்தையும் விடப் பெரிய தவறு, மாற்றும்போதே நிரலை மேம்படுத்தவும் முனைவது என்பேன். விடை மாறினால், காரணம் மொழியா மேம்பாடா என்று பிரித்தறிய வழியிருக்காது. குறை எண், பூச்சியம், வெற்றுச் சரம், மிகப் பெரிய எண் ஆகியவற்றைப் பழைய நிரலுக்குக் கொடுத்து, விடைகளை ஒரு கோப்பில் சேமித்த பிறகே புதிய நிரலைத் தொடங்க வேண்டும். பழைய நிரலில் பிழை ஒன்று கண்ணில் பட்டாலும், முதலில் அதை அப்படியே ஜாவாவுக்குக் கொண்டுவந்து, விடைகள் பொருந்திய பின் தனி கமிட்டாக (தனியே பதிவாகும் மாற்றமாக) திருத்த வேண்டும்.