பூட்டிக் கிடக்கிற வீட்டை துணிக்கடையாக்கப் போறீங்களா, மழை பெஞ்ச மறுநாள் போய் பாருங்க

பெங்களூர் அல்சூர் பக்கம் பூட்டிக் கிடக்கிற பழைய ஓட்டு வீட்டைப் பாத்தா கை துறுதுறுங்கும், முன் ரூம்ல கைத்தறி, பழைய சேலையில தச்ச சட்டை, பின்னாடி சின்னதா கேலரினு மனசுக்குள்ளயே கடை தொறந்துடுவோம். வெயில்ல எல்லா வீடும் அழகுதாங்க. நல்ல மழை பெஞ்ச மறுநாள் போனாத்தான் எங்க ஒழுகுது, ஓதம் எவ்ளோ உயரம் ஏறியிருக்குனு தெரியும்.

வருஷக்கணக்கா பூட்டியிருக்குன்னா பெரும்பாலும் அண்ணன் தம்பி தகராறா இருக்கும், அதனால வில்லங்கச் சான்று, காத்தா (சொத்து வரிக்கான மாநகராட்சிப் பதிவு) ரெண்டையும் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட நம்பி காசக் கொட்ட வேண்டாம், 5 வருஷமாவது கேளுங்க, ஒரு வருஷத்துக்கு மேலன்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்.

செலவெல்லாம் சுவர்லதான். மேஸ்திரி வந்ததுமே "சிமெண்ட் பூசிடலாம் சார், ரெண்டே நாள்"ம்பாரு. நான் ஒரு ரூமுக்கு சரின்னு தலையாட்டினேன், ஆறு மாசத்துல உப்பு பூத்து பெயிண்ட் செதில் செதிலா உரிஞ்சு, சுவரோரம் அடுக்கின சேலை மடிப்பெல்லாம் பூசணம். பழைய சுண்ணாம்பு சுவர் ஈரத்தை வெளிய விட்டுடும், மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே நின்னுடும், அவ்ளோதான் விஷயம். அதனால முதல்ல ஒடஞ்ச தண்ணிக் குழாய், சுவரோரம் குமிஞ்ச மண்ணு எல்லாத்தையும் சரி பண்ணுங்க, பழைய பூச்சைக் கொத்திட்டு நல்லா காய விடுங்க, அப்புறம் 1 பங்கு சுண்ணாம்பு 3 பங்கு மணல் கலந்து பூசி, மேல வெள்ளையடிங்க. அந்த வேலை தெரிஞ்ச ஆளைத் தேடத்தான் நாளாகும், பரவால்ல.

கூரை ஓடுகளை இறக்கிக் கழுவி திரும்ப அடுக்குங்க, ஒடஞ்சதுக்கு பதிலு இடிச்ச வீட்டு சாமான் கடையில கெடைக்கும், நடுவுல நாலஞ்சு கண்ணாடி ஓடு வச்சா பகல்ல லைட்டே வேணாம். ரெட் ஆக்சைடு தரை மேல டைல்ஸ் மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ்.

ஆனா கேலரி ரூம்ல கண்ணாடி ஓடு கூடாது. பழைய துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) வெளிச்சமே போதும், அதுக்கு மேல போனா சாயம் சீக்கிரம் வெளுக்கும். சேலையை ஆணி அடிச்சு மாட்டாம குழாய்ல சுத்தி தொங்க விடுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. பழைய பங்களாவை கெடுக்காம எப்படி கேலரியாக்குறதுனு பாக்கணும்னா பேலஸ் ரோடு மாணிக்கவேலு மாளிகைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, 2009லருந்து அங்கதான் நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட் நடக்குது.

ட்ரேட் லைசென்ஸ் தனியா எடுக்கணும். அப்புறம் கடை பேர் போர்டு, 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்னு 2024ல சட்டமே வந்துடுச்சு, அதை டிசைன் பண்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் ரெண்டு தடவை போர்டு அடிச்சேன்.