ஸ்பிட்ஃபயர் மாடல் செய்யறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஒரு நண்பர் தான் முடிச்ச 1/48 (நிஜத்துல 48ல ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மாடலைக் கொண்டுவந்து காட்டினார், ரெண்டாம் உலகப் போர்ல பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம் அது. பெயிண்ட் அவ்வளவு சுத்தம், டீக்கால்ல (தண்ணில ஊறவச்சு ஒட்டற அடையாள ஸ்டிக்கர்) ஒரு சுருக்கம் கிடையாது, காக்பிட் உள்ள சீட் பெல்ட் வரைக்கும் பண்ணிருந்தார். ஆனா மூக்குல ரெண்டு பிளேடு மர ப்ரொபெல்லர், அடிவயித்துல ஸ்கைங்கிற வெளிர் பச்சை, வாலுக்கு முன்னாடி அதே கலர்ல ஒரு பட்டை. இந்த மூணும் ஒரே விமானத்துல ஒரே நாள்ல இருந்திருக்கவே முடியாது. ரெண்டு பிளேடு ப்ரொபெல்லர் தொழிற்சாலைய விட்டு வந்த முதல் 77 விமானத்துக்குத்தான், ஸ்கை கலர் அடிப்பக்கத்துக்கு வந்தது 1940 ஜூன்ல, வால் பட்டை வந்தது அந்த வருஷக் கடைசியில. பெட்டியில மூணுக்கும் சாமான் இருந்துச்சு, அவர் கண்ணுக்கு எது அழகா பட்டுச்சோ அதெல்லாம் போட்டுட்டார்.

நான் பார்த்த வரைக்கும் இதுதான் எல்லா தப்புக்கும் தாய். ஸ்பிட்ஃபயர்னு பொதுவா ஒரு விமானம் கிடையாதுங்க. 1936 மார்ச் 5 இங்கிலாந்துல இருக்கற ஈஸ்ட்லீல முதல்முறை பறந்ததுல இருந்து போர் முடியற வரைக்கும் அதை மாத்திக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு வடிவத்துக்கும் மார்க்னு ஒரு நம்பர். மார்க் 1க்கு வலது இறக்கைக்கு அடியில மட்டும் பெரிய ரேடியேட்டர், இடது பக்கம் சின்ன ஆயில் கூலர், மார்க் 9க்கு ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் ரேடியேட்டர், ப்ரொபெல்லர் நாலு பிளேடு. அதனால நிப்பரை (பார்ட் வெட்டற கட்டர்) கையில எடுக்கறதுக்கு முன்னாடியே எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), எந்த விமானம், எந்த மாசம்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருங்க. அதை எழுதிட்டா பாதி கேள்விக்கு தானா பதில் வந்துரும்.

நான் இப்ப செஞ்சுக்கிட்டிருக்கறது 234வது ஸ்குவாட்ரனோட மார்க் 1, 1940 ஆகஸ்ட், இங்கிலாந்துல இருக்கற மிடில் வாலப் விமான தளம். அந்த ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்னு பேரு, நம்ம மாகாணத்துல இருந்து போன போர் நன்கொடைக்காக சேர்த்த பேரு அது. அதுல பறந்தவர்தான் ஆஸ்திரேலியாவுல பிறந்த பேட் ஹ்யூஸ், 1940 செப்டம்பர் 7ல ஒரு டோர்னியர் குண்டுவீச்சு விமானத்தை துரத்தி அடிக்கறப்போ இறந்துட்டார். இதெல்லாம் படிச்சதுக்கப்புறம் அந்த ஒரு சாண் நீள இறக்கைய வெறும் பிளாஸ்டிக்கா பார்க்க முடியல, அது ஒருத்தரைக் கடைசியா சுமந்த இறக்கை. சரி, ஆகஸ்ட் 1940ன்னு முடிவானதுமே என்னென்ன கிடைச்சுதுன்னு பாருங்க: மூணு பிளேடு ப்ரொபெல்லர், கருப்பு ஸ்பின்னர் (ப்ரொபெல்லர் நடுவுல இருக்கற கூம்பு), வால் பட்டை இல்ல, அடியில ஸ்கை, இறக்கையில எட்டு மெஷின் கன், வெளிப்பக்கம் புடைச்ச கேனோபி (காக்பிட் மேல மூடற கண்ணாடிக் கூடு), முன் கண்ணாடிக்கு குண்டு துளைக்காத தடிமன் கண்ணாடி. பிளேடு நுனியில மஞ்சள், நிஜத்துல நாலு இன்ச், 1/48ல ரெண்டு மில்லிமீட்டர்தான், நிறைய பேர் அதை அஞ்சு மில்லிமீட்டருக்கு பூசிடறாங்க.

ஆதாரம்னு பார்க்கும்போது இன்னொரு தப்பு நடக்குது. இப்ப ஏர் ஷோல பறக்கற ஸ்பிட்ஃபயர் போட்டோவைப் பார்த்து அப்படியே காப்பி பண்றது. அதெல்லாம் ரீஸ்டோர் பண்ணினது, பெயிண்ட் புதுசு, ரேடியோ புதுசு, சிலதுல ஒரு மார்க் உடம்புல இன்னொரு மார்க்கோட பாகம் இருக்கும். 1940ல எடுத்த கருப்பு வெள்ளை போட்டோதான் முதல் சாட்சி, ஆனா அதையும் கவனமா படிக்கணும், அந்தக் காலத்து சில ஃபிலிம்ல மஞ்சள் கலர் கிட்டத்தட்ட கருப்பா விழும். ரவுண்டல்ங்கிற வட்ட அடையாளத்தைச் சுத்தி இருக்கற மஞ்சள் வளையம் போட்டோல தெரியலன்னு விட்டுட்டு அப்புறம் வருத்தப்பட்டவங்க இருக்காங்க.

இனி கட்டற வேலை. பார்ட்ஸை முதல்ல பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணில கழுவிக் காய வையுங்க, அச்சுல இருந்து எடுக்க போடற எண்ணெய் ஒட்டியிருந்தா பெயிண்ட் பிடிக்காது. ஸ்ப்ரூல (பார்ட்ஸ் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து வெட்டறப்போ பார்ட்டை ஒட்டி ஒரே வெட்டா வெட்டாதீங்க, கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்தை ஒட்டி இன்னொரு வெட்டு, கடைசியா உப்புத்தாள். இல்லன்னா பிளாஸ்டிக் பிச்சுக்கிட்டு வெள்ளையா ஒரு குழி விழும்.

பசை விஷயத்துல பெரும்பாலான சேதம் அவசரத்தாலதான். மெல்லிசா தண்ணி மாதிரி இருக்கற சிமென்ட் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுது, ரெண்டு பாதிய சேர்த்துப் பிடிச்சு இணைப்புல பிரஷ்ஷால தொட்டா போதும், அதுவே உள்ள ஓடிரும். அது ஓடற வழியில உங்க விரல் இருந்தா விரலுக்கு அடியிலயும் போய் ரேகை அப்படியே பிளாஸ்டிக்ல பதிஞ்சிரும். ஒட்டின ஒரு மணி நேரத்துல உப்புத்தாள் போடறது அடுத்த தப்பு. உருகின பிளாஸ்டிக் முழுசா இறுகல, நீங்க சமமா தேய்ச்சு பெயிண்ட்டும் அடிச்சு முடிச்ச ரெண்டு வாரத்துல அந்த இடம் உள்வாங்கி கோடு திரும்பத் தெரியும். குறைஞ்சது ஒரு நாள் விடுங்க, நான் ரெண்டு நாள் விடறேன்.

இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல கொஞ்சம் நிக்கணும். ஸ்பிட்ஃபயரோட அழகே அங்கதான் இருக்கு, உடம்புல இருந்து இறக்கைக்கு வழிஞ்சு இறங்கற அந்த வளைவு. மேல்பக்க இறக்கை ரெண்டும் உடம்போட சேர்ற இடத்துல பெரும்பாலான கிட்ல மயிரிழை இடைவெளி வரும், உடனே புட்டி எடுத்து அப்பிடறோம், அப்புறம் அதைத் தேய்க்கறேன்னு பக்கத்துல இருக்கற பேனல் லைன் (தகடும் தகடும் சேர்ற கோடு), ரிவெட் (ஆணித் தலை) எல்லாத்தையும் அழிச்சுடறோம். அதுக்கு முன்னாடி பசையே போடாம சேர்த்துப் பாருங்க. ஸ்பிட்ஃபயர் இறக்கை கிடைமட்டமா இருக்காது, முனை நோக்கி ஆறு டிகிரி மேல தூக்கியிருக்கும். பல தடவை அந்த இடைவெளி வர்றதே இறக்கை கொஞ்சம் கீழ தொங்கறதாலதான். ஒரு இறக்கை முனையில மாஸ்கிங் டேப்பை ஒட்டி, உடம்புக்கு மேல கொண்டுபோய், அடுத்த முனையில இழுத்து ஒட்டுங்க. இறக்கை ரெண்டும் மேல ஏறும், இடைவெளி தானா மூடிக்கும், அந்த நிலையில பசையத் தொட்டு ராத்திரி முழுக்க விட்டுருங்க. புட்டி டப்பாவே திறக்க வேண்டி வராது. முன்னாடி இருந்து கண் மட்டத்துல வச்சுப் பார்த்து ரெண்டு முனையும் ஒரே உயரமான்னு ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க, ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட முடிச்சதும் கண்ணைக் குத்தும்.

சக்கரக் காலும் அப்படித்தான். ரெண்டும் மேசைக் கால் மாதிரி நேரா நிக்காது, முன்னாடி இருந்து பார்த்தா கீழ போகப் போக கொஞ்சம் விரியும், பக்கவாட்டுல பார்த்தா கொஞ்சம் முன்னாடி சாயும். இது தப்பாச்சுன்னா விமானம் நிக்கற தோரணையே போயிடும்.

கேனோபிய சூப்பர் க்ளூ வச்சு ஒட்டாதீங்க. நான் ஒருதடவை மூணு வாரம் உழைச்ச ஒரு மாடல்ல கடைசி நாள் அதைத்தான் பண்ணினேன், காலையில பார்த்தா கண்ணாடி முழுக்க உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி வெள்ளை, அந்தப் பசையோட ஆவி உள்ளயே அடைஞ்சு படிஞ்சிருந்துச்சு. காக்பிட்ல நான் பண்ணின எதுவுமே தெரியல, பிச்சு எடுத்ததுல கேனோபியும் விரிசல் விட்டுருச்சு. மரவேலைக்குப் போடற வெள்ளைப் பசை, நம்ம ஃபெவிகால்தான், அதை டூத்பிக் நுனியில எடுத்து ஓரத்துல தடவினா போதும். வழிஞ்சாலும் ஈரத்துணியால துடைச்சுக்கலாம்.

பெயிண்ட்டுக்கு வருவோம். கிரே ப்ரைமர் ஒரு கோட் இல்லாம நேரா கலர் அடிக்காதீங்க, இணைப்புல இருக்கற குறையெல்லாம் ப்ரைமர்லதான் தெரியும், அப்ப சரிபண்றது சுலபம். ஏர்பிரஷ்ல அடிக்கறவங்க ஒரே கோட்ல மூடணும்னு நினைக்க வேண்டாம், மெல்லிசா மூணு கோட். மழைக்காலத்துல, இல்ல கடலோர ஊர்கள்ல காத்துல ஈரம் அதிகமா இருக்கற ராத்திரியில லாக்கர், மேட் கோட் எதையும் அடிக்காதீங்க, ஈரம் மாட்டிக்கிட்டு மேல வெள்ளையா பூத்துரும். வெயில் ஏறின பகல்ல, ஜன்னலைத் திறந்து வச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு அடிங்க.

மேல்பக்கத்துக் கமோஃபிளாஜோட டார்க் எர்த் (மண் பழுப்பு), டார்க் கிரீன் ரெண்டு கலரும் சேர்ற ஓரத்தை புகை மாதிரி மங்கலா விடறது அழகுன்னு சிலர் நினைக்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, நிஜ விமானத்துல ஒரு இன்ச் அகலத்துக்கு கலர் கலந்திருந்தாலும் 1/48ல அது அரை மில்லிமீட்டர்தான். மாஸ்க் பண்ணி அடிச்சாதான் அளவு சரியா வரும். அந்தக் கமோஃபிளாஜ் டிசைன்லயும் ரெண்டு வகை உண்டு, ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம், தொழிற்சாலையில மாத்தி மாத்தி அடிச்சாங்க. பெட்டியில போட்ட படம் ஒரு வகைய காட்டும், நீங்க எடுத்த விமானம் மத்த வகையா இருக்கலாம்.

டீக்கால் போடறதுக்கு முன்னாடி கிளாஸ் கோட் (பளபளப்பான பூச்சு) கட்டாயம். மினுக்கம் இல்லாத மேட் பெயிண்ட் மேல நேரா போட்டா அடியில காத்து மாட்டி வெயில்ல வெள்ளி மாதிரி மினுக்கும். அப்படி ஆயிருந்தா மெல்லிசா ஊசியால குத்தி டீக்கால் சாஃப்ட்னரை ஒரு சொட்டு விடுங்க, உள்ள இறங்கி உக்காந்துரும். சாஃப்ட்னர் போட்டதும் டீக்கால் சுருங்கும், பதறி விரலால தடவாதீங்க, காயறப்போ அதுவே இழுத்துக்கிட்டு சமமாயிடும். 1940 கோடையில மேல் இறக்கை ரவுண்டல்ல சிவப்பும் நீலமும் மட்டும்தான், வெள்ளை வராது. வால்ல இருக்கற மூணு கலர் பட்டையில சிவப்பு ரெண்டு பக்கமும் முன்னாடி பார்த்து இருக்கணும், ஒரு பக்கத்தை தலைகீழா ஒட்டின மாடலை நான் போட்டி மேசையிலயே பார்த்திருக்கேன்.

இப்போ பழசாக்கற வேலை, மனசு அலைபாயற இடம் இதுதான். பேனல் லைன்ல கருப்பு வாஷ் (தண்ணியா கரைச்ச பெயிண்ட்) ஊத்தி ஊத்தி கடைசியில டைல்ஸ் போட்ட தரை மாதிரி ஆக்கிடறோம். கிட்ல இருக்கற 0.2 மில்லிமீட்டர் கோடே நிஜத்துல கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அதுவே அதிகம், அதைக் கருப்பாக்கி இன்னும் பெருசாக்க வேண்டாம். பழுப்புல கொஞ்சம் சாம்பல் கலந்து தண்ணியா விட்டா போதும். முஸ்டாங்ங்கிற அமெரிக்க சண்டை விமானத்தைச் செய்யறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அதோட இறக்கை முன்பாதியில பேனல் லைன், ரிவெட் எல்லாத்தையும் தொழிற்சாலையிலயே புட்டி போட்டு மூடி வழவழன்னு பெயிண்ட் அடிச்சிருந்தாங்க.

பெயிண்ட் உதிர்ந்து அலுமினியம் தெரியற மாதிரி வெள்ளிப் புள்ளி வைக்கறப்போ யோசிச்சு வையுங்க. பைலட் இடது பக்கமாத்தான் ஏறுவார், கதவு அங்கதான் இருக்கு, அதனால இடது இறக்கை உடம்போட சேர்ற இடத்துலதான் அதிகம் தேயும். மெக்கானிக் தினமும் திறந்து மூடற என்ஜின் மூடி ஓரத்துல தேயும், கன்னுக்கு குண்டு நிரப்பற மூடியில தேயும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி வச்சா பொய்னு தெரிஞ்சிரும். சுக்கானுக்கு மேல துணிதான் போர்த்தியிருக்கும், மார்க் 1ல அய்லரானும் (இறக்கை பின் ஓரத்துல மேலும் கீழும் அசையற பலகை) துணிதான். துணி மேல இருக்கற பெயிண்ட் உதிர்ந்தா அலுமினியம் எப்படி தெரியும்? ஆனா எத்தனையோ மாடல்ல சுக்கான் ஓரம் பூரா வெள்ளி.

இதே மாதிரி இன்னொண்ணு. எட்டு கன் வாய்க்கும் தூசியும் குளிரும் போகாம இருக்க துணி ஒட்டி சிவப்பு பூசியிருப்பாங்க, முதல் தோட்டா போறப்போ அது கிழிஞ்சிரும். அந்தச் சிவப்புத் துணி எட்டும் முழுசா இருக்க, இறக்கைக்கு அடியில புகைக் கரி கருகருன்னு போட்டிருந்தா, சுட்டதா சுடலயா? இறங்கினதும் துடைச்சு, குண்டு நிரப்பி, புதுத் துணி ஒட்டிட்டாங்கன்னு வச்சா பழைய கரி லேசா மட்டும் இருக்கட்டும். இல்ல சண்டை முடிஞ்சு இப்பதான் இறங்குதுன்னா துணிய கிழிச்சு விடுங்க. ரெண்டுல ஒண்ணு.

ஃப்ளாப் (தரையிறங்கறப்போ இறக்கைக்கு அடியில இறங்கற பலகை) கீழ இறக்கின மாதிரி செய்ய தனியா செட் விக்கறாங்க, வேலைப்பாடு ரொம்ப அருமையா இருக்கும், ஆசையும் வரும். ஸ்பிட்ஃபயர் ஃப்ளாப்புக்கு ரெண்டே நிலைதான், முழுசா மேல, இல்ல முழுசா கீழ. இறங்கினதும் பைலட் முதல் வேலையா அதை மேல தூக்கிருவார், கீழ இருந்தா ரேடியேட்டருக்கு காத்தை மறைக்கும், தரையில கல்லு பட்டு சேதமும் ஆகும். நிறுத்தி வச்ச விமானத்துல அதைத் திறந்து விட்டா அங்க ஏதோ ரிப்பேர் நடக்குதுன்னு அர்த்தம், அப்படின்னா பக்கத்துல மெக்கானிக்கும் ஏணியும் வையுங்க. அய்லரானை அசைச்சு வைக்கறவங்க ஒண்ணு மேல போனா மத்தது கீழ வரணும்கறதையும், காக்பிட் உள்ள ஸ்டிக் மேல போன அய்லரான் பக்கம் சாயணும்கறதையும் மறந்துராதீங்க.

கடைசியா ரேடியோ ஒயர். காக்பிட்டுக்குப் பின்னாடி நிக்கற கம்பத்துல இருந்து சுக்கான் உச்சிக்கு போகும், பின்னாடி வந்த வேற ரேடியோவுக்கு இது தேவைப்படல, அதனால உங்க தேதிக்கு இருந்துச்சான்னு பார்த்துக்கோங்க. தையல் நூல் வேண்டவே வேண்டாம், அதுல பிசிறு இருக்கும், தூசி பிடிச்சு கயிறு மாதிரி தெரியும். மிச்சமிருக்கற ஸ்ப்ரூ துண்டை மெழுகுவர்த்தி சுடருக்கு மேல, சுடர் படாம, மெல்ல உருட்டிக்கிட்டே காட்டுங்க, நடுவுல பளபளன்னு இளகி லேசா தொங்க ஆரம்பிக்கும், அப்ப நெருப்பை விட்டு வெளிய எடுத்து ஒரு மூச்சு விட்டு ரெண்டு கையாலயும் நிதானமா இழுங்க. தலைமுடி தடிமன்ல ஒரு முழம் இழை வரும். முதல் அஞ்சாறு இழை தடிச்சும் மெலிஞ்சும் வரும், ஏழாவது சரியா வரும். கம்பத்து நுனியில ஒரு பொட்டு சூப்பர் க்ளூ, அது பிடிச்சதும் சுக்கான் பக்கம் இன்னொரு பொட்டு, லேசா தொய்வா இருந்தா கவலைப்படாதீங்க, ஊதி அணைச்ச ஊதுபத்தி நுனிய ஒரு விரக்கடை தள்ளி கீழ காட்டினா அதோட சூட்டுலயே இழை இழுத்துக்கிட்டு விறைப்பா நின்னுரும்.