31100: நம்ம ஊர் அஞ்சல் குறியீட்டை உடைத்துப் பார்ப்போம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம்ம சுங்கை சிப்புட்டில் முகவரி எழுதும் எல்லாருக்கும் 31100 மனப்பாடம். தோட்டத்து வீட்டுக்கு வரும் கடிதத்திலும் டவுன் கடைக்கு வரும் பார்சலிலும் அதே ஐந்து இலக்கம்தான். பெரிய எண்ணை ஆராயப் பழக இதுவே போதும். கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டுத் தாளும் பென்சிலும் எடுங்கள்.

படி 1: பகாக் காரணிகளாக உடையுங்கள்

முக்கால்வாசி வேலை இதில்தான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். கடைசியில் இரண்டு சுழியம் இருப்பதால் 31100 = 311 × 100. அந்த 100, 2 × 2 × 5 × 5.

சரி, 311 மேலும் உடையுமா? 18 × 18 = 324, அது 311-ஐத் தாண்டிவிடுகிறது. 311 உடைந்தால் இரண்டு காரணிகளில் ஒன்றாவது 18-க்குக் கீழே இருந்தாக வேண்டும். அதனால் 17 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். ஒற்றைப்படை எண், 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 5, ஆகவே 3 போகாது. கடைசி இலக்கம் 1, அதனால் 5-உம் போகாது. 7 × 44 = 308, மீதி 3. 11 × 28 = 308, மறுபடியும் மீதி 3. 13 × 23 = 299, மீதி 12. 17 × 18 = 306, மீதி 5. எதுவும் போகவில்லை, 311 பகா எண்தான்.

31100 = 2² × 5² × 311

இந்த 311 அபூர்வமான எண். இலக்கங்களை இடம் மாற்றினால் வரும் 113, 131 இரண்டும் பகா எண்களே. மூன்று இலக்க எண்களில் இந்தக் குணம் 113, 199, 337 ஆகியவற்றுக்கும் அவற்றைக் கலைத்து வரும் எண்களுக்கும் மட்டுமே உண்டு.

படி 2: காரணிகளை எண்ணுங்கள்

ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 = 18. ஒரு காரணியில் 2 என்பது இல்லாமலோ, ஒரு தடவையோ, இரண்டு தடவையோ வரலாம். அந்த மூன்று வழிதான் முதல் 3. மற்றவையும் அப்படியே.

படி 3: மிகை எண்ணா, குறை எண்ணா?

(1+2+4) × (1+5+25) × (1+311) = 7 × 31 × 312 = 67,704. இதுதான் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை. இதில் 31,100-ஐக் கழித்தால் 36,604. எண்ணைவிடக் கூடுதல், அதனால் மிகை எண். குறைந்திருந்தால் குறை எண். சரிசமமாக வந்தால் நிறைவெண். 6 அப்படி ஒன்று, 1+2+3.

படி 4: மிச்சமெல்லாம் சீக்கிரம் முடியும்

311-இன் அடுக்கு ஒற்றைப்படை, எனவே 31100 சதுர எண் அல்ல. 311-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3; அத்தகைய பகா எண் ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால் இரண்டு சதுரங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. அப்புறம், இலக்கங்களின் கூட்டல் 5, அது 31100-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது (6,220). இப்படிப்பட்டவை ஹர்ஷத் எண்கள்; மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியர் காப்ரேகர் வைத்த பெயர்.

அடுத்து கோலகங்சாரின் 33000-ஐ நீங்களே செய்து பாருங்கள். மொத்தம் 64 காரணிகள் வர வேண்டும். வரவில்லையென்றால் 1000-ஐ உடைத்த இடத்தைத் திரும்பச் சரிபாருங்கள்.