கேமரா ஃபைலைப் பாத்துட்டு கம்ப்யூட்டர் வாங்குங்க: கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களுக்கு

"அண்ணா, எடிட்டிங்குக்கு ஐ7 ப்ராசஸர் எடுக்கலாமா, ஐ5 போதுமா?" மாசத்துக்கு நாலு பேராவது இப்படி கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறது எப்பவும் ஒண்ணுதான், உன் கேமரா என்ன ஃபைல் எழுதுது? பாதி பேரு "4கே-ண்ணா"ம்பாங்க. 4கே-ங்கிறது படத்தோட அளவு அவ்ளோதான், அந்தப் படத்தை எப்படி சுருட்டி ஃபைலுக்குள்ள வச்சிருக்குங்கிறது வேற விஷயம், கம்ப்யூட்டர் திணர்றது பூரா அந்த சுருட்டலை அவுக்கிற இடத்துலதான்.

அதனால கடைக்கு கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு வேலை இருக்கு. மீடியாஇன்ஃபோ-னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், காசு கிடையாது, இறக்கிக்கோங்க, கடைசியா எடுத்த கல்யாணத்துல இருந்து ஒரு கிளிப்பை அதுமேல இழுத்துப் போடுங்க. நீளமா என்னென்னவோ வரும், பயப்பட வேணாம், நாலு வரி போதும். ஃபார்மேட்ல, அதாவது சுருட்டுற முறைல, ஏவிசி-னு இருந்தா எச்.264, எச்இவிசி-னு இருந்தா எச்.265. அப்புறம் குரோமா சப்சாம்ப்ளிங் (கலர் விவரம் எவ்ளோ வச்சிருக்குங்கிறது, 4:2:2ல அதிகம்) 4:2:0வா 4:2:2வா, பிட் டெப்த் (கலர் எவ்ளோ நுணுக்கமா பிரிச்சிருக்குங்கிறது) 8ஆ 10ஆ, பிட் ரேட் (செகண்டுக்கு எவ்ளோ டேட்டா எழுதுதுங்கிறது) எவ்ளோ. இந்த நாலையும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க, கடைக்காரர் சொல்ற எல்லாத்தையும் இந்த பேப்பரோட ஒட்டிப் பாக்கணும்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, நம்ம கேமரா கார்டுல எழுதுற பெரும்பாலான ஃபைல்ல ஒவ்வொரு ஃப்ரேமும் முழு படமா இருக்காது. மொத நாள் வாசல்ல முழுக் கோலம் போட்டுட்டு, மறுநாள்ல இருந்து "நேத்து போட்டதுல வலது மூலைல ஒரு பூ சேத்துக்கோ, நடுவுல இருந்த மயிலை அழிச்சிடு"னு குறிப்பு மட்டும் எழுதி வச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரிதான். பத்தாவது நாள் கோலம் எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா மொத நாள்ல இருந்து வரிசையா போட்டுப் பாத்துதான் சொல்ல முடியும். கிளிப்பை வரிசையா அடுக்குற டைம்லைன்ல, எந்த இடம் ஓடுதுன்னு காட்டுற கோட்டை (ப்ளேஹெட்) நீங்க அங்க இங்க இழுக்குறப்பெல்லாம் கம்ப்யூட்டர் இதைத்தான் பண்ணிட்டு இருக்கு. மூணு கேமராவை மல்டிகேம்ல, அதாவது ஒரே நேரத்துல சேத்து ஓட்டினா, மூணு வாசல். எச்.265-ல குறிப்பு இன்னும் சிக்கனம், அவுக்குறது இன்னும் கஷ்டம். இந்த வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி வச்சிருக்காங்க, ஹார்ட்வேர் டீகோடர்னு பேரு. அது உங்க ஃபைலை கையில எடுத்துக்கிச்சுன்னா சாதாரண மெஷின்ல கூட வெண்ணெய் மாதிரி ஓடும், இல்லன்னா மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில.

இப்ப அந்த பேப்பரை எடுங்க. எச்.264, 8 பிட், 4:2:0-ன்னு இருந்தா கவலையே இல்ல, கொஞ்சம் பழைய கிராஃபிக்ஸ் கார்டு கூட பண்ணிடும். எச்.265, 10 பிட், 4:2:0-ன்னா, ட்ரோன்லயும் ஃபோன்லயும் நிறைய இதுதான் வரும், ஜிடிஎக்ஸ் 1050 மாதிரி கார்டே டீகோட் பண்ணும். எச்.265, 10 பிட், 4:2:2-ன்னு இருந்தாதான் உஷாரா இருக்கணும், இங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க. என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ், 40 சீரிஸ் எவ்ளோ பெரிய கார்டா இருந்தாலும் 4:2:2வை டீகோட் பண்ணாது, 2025ல வந்த 50 சீரிஸ்லதான் அது வந்துச்சு. ஆனா இன்டெல் 11வது ஜெனரேஷன்ல இருந்து ப்ராசஸருக்குள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ்ல ஒரு டீகோடர் இருக்கு, குவிக் சிங்க்-னு சொல்வாங்க, அது இதை பண்ணிடும். ஆப்பிள்ல எம்1-ல இருந்தே பண்ணுது. ரைசன் நல்ல பலமான ப்ராசஸர்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அதுக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ்ல 4:2:2 கிடையாது, ரைசன்தான் வேணும்னா கூட 50 சீரிஸ் கார்டு சேத்துக்கோங்க.

இன்னொரு பொறி இருக்கு. 4:2:2 10 பிட் எச்.264-லயும் வரும், அதை பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்ல குவிக் சிங்க்கும் தொடாது. சோனில எக்ஸ்ஏவிசி எஸ்-னா எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ்-னா எச்.265, ஒரு எழுத்துதான் வித்தியாசம். கேமரா மெனுல அந்த ஒரு எழுத்தை மாத்துறது சில சமயம் புது கார்டு வாங்குறதுக்கு சமம், மொதல்ல அதைப் பாருங்க. ட்ரடிஷனல் வீடியோவை கலர்ல பெருசா தொட மாட்டீங்கன்னா 8 பிட் 4:2:0-லயே எடுத்துட்டுப் போங்க, யாரும் கேக்கப் போறதில்ல. லாக்-ல, அதாவது அப்புறம் கலர் பண்றதுக்குன்னே வெளிறின மாதிரி எடுக்குற கேண்டிட் கேமராவுக்கு மட்டும் 10 பிட்.

நான் பட்ட கதை சொல்றேன். 2022ல புது மெஷின் போட்டேன், ஐ5-12400எஃப், கூட ஆர்டிஎக்ஸ் 3060. கடைல "கார்டே 12 ஜிபி இருக்கு சார், எஃப் எடுத்தா விலை கம்மி, உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் உங்களுக்கு எதுக்கு"ன்னாரு, எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. அந்த எஃப்-ங்கிற எழுத்துக்கு அர்த்தமே உள்ள கிராஃபிக்ஸ் இல்லைங்கிறதுதான். மொத கல்யாணத்தை டைம்லைன்ல போட்டேன், எச்.265 4:2:2 50பி (செகண்டுக்கு 50 ஃப்ரேம்), தாலி கட்டுற சீன், மேளம் கெட்டிமேளமா போகுது, படம் ஃபோட்டோ ஆல்பம் புரட்டுற மாதிரி ஒவ்வொண்ணா வருது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா ப்ராசஸர் 100, கார்டு 6, அதுல வீடியோ டீகோட்-னு ஒரு கட்டம் இருக்கும்ல, அது சுத்தமா 0. பன்னெண்டு ஜிபி கார்டு கைகட்டி உக்காந்திருக்கு. எஃப் இல்லாத அதே 12400 வாங்கி மாத்தினேன், அப்பவும் அதே கதை! ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, தனி கார்டு போட்டிருந்தா நிறைய மதர்போர்டுல உள் கிராஃபிக்ஸ் தானா அணைஞ்சிடும், பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்குற செட்டிங்) போய் ஐஜிபியு மல்டி மானிட்டர்-னு இருக்கறதை எனேபிள் பண்ணணும், போர்டுக்கு போர்டு பேரு கொஞ்சம் மாறும். பண்ணிட்டு இன்டெல் டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், டாஸ்க் மேனேஜர்ல ரெண்டாவதா ஒரு ஜிபியு வந்துச்சு, அதோட வீடியோ டீகோட் கட்டம் மேல ஏறுது, ப்ராசஸர் 30க்கு இறங்கிடுச்சு.

சாஃப்ட்வேருக்கு வருவோம். எது பெஸ்ட்னு சண்டை போட நான் வரல, உங்க எடிட்டிங் லேப்ல என்ன ஓடுதோ அதுல கை பழகியிருக்கும், அதை விடாதீங்க. நம்ம ஊர்ல மிக்ஸிங் (வீடியோ எடிட்டிங்) பண்றவங்க நிறைய பேர் எடியஸ்தான், கட்டிங் வேகத்துக்கு இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல, ஆனா அது பெரும்பாலும் நம்பி இருக்கறது குவிக் சிங்க்கைத்தான், அதனால எடியஸ் ஆளுங்க எஃப் ப்ராசஸர் பக்கமே போகாதீங்க. பிரீமியர் மாச சந்தா, முகூர்த்தம் இல்லாத மாசத்துலயும் காசு போய்ட்டே இருக்கும், அதை கணக்குல வச்சுக்கோங்க. ஃபைனல் கட் ஆப்பிள் மெஷின்ல மட்டும். டாவின்சி ரிசால்வ்ல ஃப்ரீ வெர்ஷனே கலருக்கு தாராளம், 3840க்கு 2160 வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணும், ஆனா விண்டோஸ்ல 4:2:2 10 பிட் ஃபைலை போட்டா சத்தம் மட்டும் வந்து படம் வராம போறதுண்டு. ஸ்டுடியோ வெர்ஷன் 295 டாலர், ஒரே தடவை கட்டினா போதும், ஒரு நல்ல கார்டு விலையை விட கம்மி. ஃப்ரீயை இறக்கி உங்க ஃபைலைப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கிராஃபிக்ஸ் கார்டு எங்க வேலை செய்யும்னா கலர், நாய்ஸ் ரிடக்ஷன், எஃபெக்ட், இதுலெல்லாம்தான், ரிசால்வ்ல அதிகமா, எடியஸ்ல கம்மியா. இருட்டு மண்டபத்துல எடுத்த ரிசப்ஷனுக்கு 4கே-ல நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா 4 ஜிபி கார்டு "ஜிபியு மெமரி ஃபுல்"னு கைவிரிச்சிடும், 8 ஜிபிக்கு கீழ எடுக்காதீங்க. ரேம் ஹெச்டிக்கு 16, 4கே-க்கு 32, ஒரே குச்சியா வாங்காம ரெண்டு குச்சியா போடுங்க. இதுக்கு மேல ரேம் பத்தி பேச ஒண்ணும் இல்ல.

டிஸ்க் கணக்குதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். பிட் ரேட் 100 எம்பிபிஎஸ்-னா (அது மெகாபிட், மெகாபைட் இல்ல) அதை எட்டால வகுங்க, செகண்டுக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு மூணு கேமரா ஆளுக்கு நாலு மணி நேரம் எடுத்தா பன்னெண்டு மணி நேரம், 540 ஜிபி. ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்கிட்டு "ரெண்டாவது கல்யாணத்துலயே ரொம்பிடுச்சு"னு புலம்புறதுல அர்த்தமில்ல. விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி-ல, இப்ப வேலை நடக்குற ப்ராஜெக்ட் தனியா 2 டிபி எஸ்எஸ்டி-ல, முடிஞ்சது எல்லாம் பெரிய ஹார்ட் டிஸ்க்குல. ஹார்ட் டிஸ்க் ஒரே ஃபைலை நேரா படிச்சா 150 எம்பிக்கு மேல தரும், ஆனா மல்டிகேம்ல மூணு இடத்துக்கு முள்ளு ஓடணும்ல, அங்க மூச்சு வாங்கும். இன்னொண்ணு, ஃபுட்டேஜ் ஒரே ஒரு டிஸ்க்குல இருந்தா அது இல்லாததுக்கு சமம். ரெண்டு இடத்துல காப்பி ஆகி, ரெண்டையும் ஓட்டிப் பாத்த பிறகுதான் கேமரா கார்டை ஃபார்மேட் பண்ணணும், தாலி ரெண்டாவது தடவை கட்டச் சொல்ல முடியாது பாருங்க.

மானிட்டர் ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி (எந்தெந்த கலர் காட்டும்ங்கிற அளவுகோல்) 100 சதவீதம்னு போட்டிருக்கறதா எடுங்க. மலிவு பேனல்ல அரக்கு பட்டு செங்கல் கலரா தெரியும், நீங்க அதை சரி பண்றேன்னு உக்காந்து, டிவில போட்டா பொண்ணு கட்டியிருக்கறது வேற புடவை. அப்புறம் யுபிஎஸ். 600 விஏ-னு எழுதியிருக்கும், அதுல கிடைக்கறது பொதுவா 360 வாட்ஸ்தான், கார்டு போட்ட மெஷின் ரெண்டரிங்ல இருக்கும்போது கரண்ட் போனா யுபிஎஸ்ஸும் சேந்து கத்திட்டு அணைஞ்சிடும். 1000 விஏ-க்கு கீழ வேணாம்.

சொந்தக்காரங்க ஃபோன்ல எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்புற கிளிப்புக்கு தனியா ஒரு வார்த்தை. அதுல ஃப்ரேம் ரேட் நிலையா இருக்காது, டைம்லைன்ல போட்டா போகப் போக வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்னு ஆயிடும். ஹேண்ட்பிரேக்-ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு ஃப்ரேம் ரேட்டை கான்ஸ்டன்ட் 25-னு மாத்திட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க.

இப்ப காசு இல்லையா, பழைய மெஷினே போதும், ப்ராக்ஸி போடுங்க. ராத்திரி படுக்கப் போகும்போது எல்லா ஃபைலுக்கும் டிஎன்எக்ஸ்எச்டி 36-ங்கிற ஃபார்மேட்ல சின்ன நகல் போட விட்டுடுங்க, அதுதான் ப்ராக்ஸி, மணிக்கு 16 ஜிபி கிட்ட இடம் பிடிக்கும், ஆனா அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் முழுக் கோலம், பழைய ஐ5-லயே இழுத்த இழுப்புக்கு வரும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரிஜினல் ஃபைலுக்கு மாத்திக்கும்.

புதுசுதான் வாங்கப் போறீங்கன்னா ஆடி மாசத்துல வாங்குங்க, கல்யாணம் இருக்காது, விண்டோஸ் போட்டு டிரைவர் போட்டு சண்டை போட நேரம் இருக்கும், ஆவணி பொறந்த பிறகு இந்த வேலைக்கு உக்காராதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி, உங்க ஊர் கடைக்குப் போனாலும் சரி, பென்டிரைவ்ல உங்க கிளிப் மூணு எடுத்துட்டுப் போங்க, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிக்கோங்க, ஃபேட்32-ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது. டெமோ மெஷின்ல நீங்க எடிட் பண்ற சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி மூணையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி ப்ளே பண்ணுங்க, பக்கத்துல டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கட்டும். வீடியோ டீகோட் கட்டம் ஏறுதான்னு பாத்துட்டு பில் போடச் சொல்லுங்க. கடைக்காரர் முறைச்சா ஒரு டீ சொல்லுங்க, அதுக்குள்ள கிளிப் ஓடி முடிஞ்சிடும்.